மேடேறாத காரும் குணபால பாஸின் தமிழும்

எங்கள் பக்கத்துக் கராஜ்காரர்களுக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்ந்துவிட்டேன் என்றாலும் என்னை அதிலிருந்து இன்னும் யாரும் தூக்கவில்லை. போன வாரம் ஒரு தம்பி அதில் கேட்டிருந்தார்: "மூணு லட்சம் கிலோமீட்டர் தாண்டின பழைய கார். மேட்டுல பவர் இல்ல. ஸ்கேன் பண்ணியும் ஒன்னும் காட்டல. என்ன செய்யலாம்?" மாலைக்குள் பதில்கள் குவிந்துவிட்டன. பிளக்கை மாற்று என்றார் ஒருவர். சைலன்சரை வெட்டிப் பார் என்றார் இன்னொருவர். காரையே மாற்று என்று எழுதிச் சிரிக்கிற பொம்மையைப் போட்டிருந்தார் ஒரு புண்ணியவான். வண்டிக்காரர் வந்து நின்றபோது முதலில் என்ன வார்த்தை சொன்னார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு அண்ணே?" என்று பதில் வந்தது. எதுக்கு என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

புளத்கொகுபிட்டிய கடைத்தெருவில் என் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. எனக்கு வியாபாரம் வரவில்லை. தராசில் சாமானைப் போட்டுவிட்டுத் தெருவில் போகிற லொறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றால் யார்தான் பொறுப்பார்கள்? அப்பா என்னைக் குணபால பாஸின் கராஜில் கொண்டுபோய் விட்டார். எங்கள் ஊரில் கைத்தொழில் தெரிந்த எவரும் பாஸ்தான். மேசனும் பாஸ், தச்சரும் பாஸ், மெக்கானிக்கும் பாஸ். அங்கே சில வருஷம் கழுவினேன், கழற்றினேன், பூட்டினேன், திட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு என்னையும் இரண்டொருவர் பாஸ் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பயிற்சி அவ்வளவுதான்.

குணபால பாஸ் சிங்களவர். ஆனால் தமிழ் ஆட்களிடம் தமிழில்தான் பேசுவார். அதில் அவருக்கு மகா பெருமை. இளவயதில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிற வேலையில் இருந்தாராம். விடியற்காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் கங்காணிமார் ஆட்களை விரட்டும் சத்தத்தைக் கேட்டே தமிழ் படித்துக்கொண்டார். அதனால் அவருடைய அன்பும் மரியாதையும் கூட விரட்டலாகத்தான் வெளியே வரும். கோயில் தர்மகர்த்தா வேனைக் கொண்டுவந்தால் முகம் நிறையச் சிரித்து, இரண்டு கையையும் கூப்பி, "வாடா வா, எங்க போய் தொலைஞ்சே இம்புட்டு நாளா?" என்பார். தர்மகர்த்தா என்னைப் பார்ப்பார். நான் கூரையைப் பார்ப்பேன். நான் வேண்டுமானால் பேசட்டுமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "நீ எதுக்கு? நான் பேசுறது தமிழ் தானே?" என்றார். வாய்க்குள் சிரித்துக்கொண்டு காருக்கு அடியில் போய்விட்டேன்.

தமிழ் அப்படி. வேலை அப்படியல்ல. பவர் இல்லை என்று ஒரு வண்டி வந்தால் பாஸ் முதலில் பொனட்டைத் தொடவே மாட்டார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, எக்ஸலரேட்டருக்குக் கீழே கிடக்கிற கால்விரிப்பைத் தூக்கிப் பார்ப்பார். தடித்த விரிப்பு மிதியைத் தடுத்தால் எந்தக் குதிரையும் ஓடாது என்பது அவர் கட்சி. இரண்டாவது, ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, மிதியிலிருந்து போகிற கம்பி எஞ்சின் பக்கத்தில் முழுசாகத் திறக்கிறதா என்று பார்ப்பார். பிறகு நாலு சக்கரத்தையும் தூக்கிக் கையால் சுற்றுவார். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிற கார்களுக்குக் கணக்கே கிடையாது. அதற்குப் பிறகு ஏர் ஃபில்டர், பெற்றோல் ஃபில்டர், பிளக். புகைக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க, குழாயின் வாயில் ஒரு பழைய பத்திரிகைத் தாளைப் பிடித்து, அது எப்படிப் படபடக்கிறது என்று காதைச் சாய்த்துக் கேட்பார். கடைசியில்தான் கம்ப்ரஷன் பார்க்கிற மீட்டர் பெட்டியை விட்டு வெளியே வரும். இத்தனையும் முடியாமல் எஞ்சினைத் திறக்கலாம் என்று யாராவது வாயெடுத்தால், "காய்ச்சல் வந்தா உடனே தலையை வெட்டுறதா?" என்று கேட்பார். இந்தக் கேள்வியை மட்டும் நல்ல தமிழில் கேட்பார்.

இனி பாக்கியம் அக்காவுக்கு வருகிறேன். முன்பு தோட்டத்தின் கீழ் டிவிசனில் றப்பர் பால் வெட்டியவர். பிறகு காரோட்டக் கற்று, ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கி வாடகைக்கு, எங்கள் பேச்சில் ஹயர், ஓட்டினார். எங்கள் ஊரில் ஹயர் ஓட்டிய ஒரே பெண். கடைத்தெருவில் ஆரம்பத்தில் கேலி பேசிய ஆண்கள் எல்லாரும், பெண்சாதிக்கு வலி வந்ததும் அவர் வீட்டு வாசலில்தான் போய் நின்றார்கள். அந்தக் காரின் மீட்டர் மூன்று லட்சத்தைத் தாண்டியதும் ஓடாமல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஓடியது எவ்வளவு என்பது கடவுளுக்கும் பாக்கியம் அக்காவுக்கும்தான் தெரியும். அக்கா சொல்ல மாட்டார்.

அக்காவின் மகள் சுமதி மலை உச்சியில், மேல் டிவிசனில் வாக்கப்பட்டிருந்தாள். மருமகன் கொழும்பில் வேலை. மேலே போகிற ரோட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆம்புலன்ஸ் தொழிற்சாலை வரைக்கும்தான் வரும். மழை பெய்தால் திரீவீல்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள். முதல் பிரசவத்தின்போது அக்கா தூரத்து ஹயரில் இருந்தார். சுமதியைத் தேயிலைக் கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்னமே, கொழுந்துச் சாக்குகளுக்கு மேலேயே பையன் பிறந்துவிட்டான். தாயும் பிள்ளையும் சுகம்தான். ஆனால் கவின் என்று பெயர் வைத்த அந்தப் பையனை இன்று வரைக்கும் தோட்டமே லொறி என்றுதான் கூப்பிடுகிறது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூட ஒருநாள் மறந்துபோய் "லொறி, எழும்பு" என்றாராம்.

சுமதி இரண்டாவதாக நிறைமாதமாக இருந்தபோதுதான் அக்காவின் கார் மேடேற மறுத்தது. மட்டமான ரோட்டில் பறக்கும். மலை ஏறத் தொடங்கினால் பாதியில் ஒரு முடக்கு வளைவில் திணறி நின்றுவிடும். "இந்த தடவ எம்மவ சாக்கு மேல படுக்க கூடாது" என்று அக்கா கடைத்தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். எங்கள் காதுக்கும் அது வந்தது.

முதல் தடவை அவர் கராஜுக்கு வந்தபோது நான் இல்லை. நடந்ததைப் பிறகு பாஸே பெருமையாகச் சொன்னார். அக்கா வந்து, "பாஸு, வண்டி மேட்டுல இழுக்குதுங்க" என்றாராம். நம் பாஸின் தமிழில் இழுக்குது என்றால் ஒரே அர்த்தம்தான். சிங்களத்தில் ஒரு வண்டி நன்றாக ஏறினால் 'அதினவா', அதாவது இழுக்கிறது என்பார்கள். ஆகவே பாஸ் அக்காவைப் பாராட்டினார்.

"மேட்டுல இழுக்குது? ரொம்ப நல்லது. இழுக்காத வண்டிதான் கஷ்டம். நீங்க பயம் எடுக்காதே, போ."

கேலி பண்ணுகிறார் என்று நினைத்து அக்கா முறைத்துவிட்டுப் போய்விட்டார். சும்மா பாராட்டு வாங்க வந்த பெண் என்று பாஸும் நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது தடவை நான் இருந்தேன். "இழுக்குதுன்னு சொன்னா சிரிக்கிறாரு ஒங்க பாஸு. நீயாச்சும் பாருப்பா" என்றார் அக்கா. நானோ கடைத்தெருவில் வளர்ந்த தமிழன். வண்டி இழுக்குது என்று எங்கள் பக்கத்தில் யாராவது சொன்னால், ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று பொருள். பாஸுக்குத் தமிழ் விளங்கவில்லை, எனக்கு விளங்கிவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்சக்கரத்தைத் தூக்கினேன். நேரம் பாருங்கள், இடது பிரேக் உண்மையாகவே கொஞ்சம் பிடித்திருந்தது. அதைத் தளர்த்தி, சக்கரங்களை நேராக்கி, கடைத்தெருவில் ஓட்டிக் காட்டினேன். கார் கயிறு பிடித்த மாதிரி நேராக ஓடியது. தமிழனுக்குத் தமிழன்தான் வேண்டும் என்று பாஸிடம் ஜாடையாகச் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்தார்.

மறுநாளே அதே மலையில், அதே முடக்கில், கார் நின்றுவிட்டது. பின்சீட்டில் இருந்த இரண்டு பேர் இறங்கித் தள்ளியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கங்காணி, வெள்ளை வேட்டி. சேறு எங்கெங்கே தெறித்தது என்பதையும் அக்கா விடாமல் சொன்னார். அதற்குள் வேறொரு கராஜிலும் காட்டியிருக்கிறார்; எஞ்சின் முடிந்துவிட்டது, இறக்கித்தான் பார்க்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்று அங்கே சொல்லியும் விட்டார்கள். "வாரக்கணக்குல காத்திருக்க புள்ளகிட்ட சொல்ல முடியுமா?" என்று கேட்டார். அக்கா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்குக் கண் கலங்கியிருந்தது.

பாஸ் எழுந்து வேட்டியை, இல்லை, சாரத்தை மடித்துக் கட்டினார். விரிப்பு, கம்பி, சக்கரம், ஃபில்டர், பிளக், பத்திரிகைத் தாள் என்று அவருடைய முறை முழுவதையும் ஒன்று விடாமல் செய்தோம். ஏர் ஃபில்டர் சுத்தம். அதிலிருந்து எஞ்சினுக்குக் காற்றுப் போகிற கறுப்பு றப்பர் ஹோஸை நான் கையால் தடவிப் பார்த்தேன். வெளியே ஒரு வெடிப்பு இல்லை, புதுசு மாதிரி வழவழவென்று இருந்தது. கம்ப்ரஷன் மீட்டரைப் போட்டோம். கிழட்டு எஞ்சின் என்பதால் எண் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. ஆனால் நாலு சிலிண்டரும் ஒரே அளவு. "நாலு பேரும் கிழவன். ஆனா நாலு பேரும் நடக்குறான்" என்றார் பாஸ். எஞ்சினில் குற்றமில்லை. அப்படியானால் எதில் குற்றம்? பாஸ் தலையைச் சொறிந்தார். அவர் தலையைச் சொறிந்தால் அடுத்து என்னைத்தான் திட்டுவார்.

"இழுக்குது, இழுக்குது" என்று அவர் தனக்குள் முணுமுணுத்தார். பிறகு அக்காவிடம் திரும்பி, "இழுக்குது இல்ல, இழுக்கல்ல. அப்படி சொல்லணும்" என்று பாடம் எடுத்தார்.

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஐயோ, எங்கப்பாவுக்கு இழுத்த மாதிரி இழுக்குதுன்னு சொல்றேன். ஒங்க ரெண்டு பேருக்கும் காது இருக்கா இல்லியா?" என்று கேட்டுவிட்டு, கராஜ் நடுவில் நின்று, ஒரு கையை நெஞ்சில் வைத்து, தோளைத் தூக்கி, கண்ணைச் செருகி, ஈளைக்காரர் மூச்சு வாங்குகிற மாதிரி ஈ... ஈ... என்று இழுத்துக் காட்டினார். டயர் மாற்ற வந்திருந்த ஒரு பெரியவர் பயந்துபோய்த் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

பாஸ் அப்படியே நின்றார். "ஹதிய" என்றார் மெதுவாக. மூச்சிரைப்புக்குச் சிங்களத்தில் அதுதான் சொல். அவருடைய அம்மாவுக்கும் அந்த வியாதி இருந்தது. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. தோட்டத்தில் இழுக்குது என்றால் மூச்சு இழுக்கிறது என்று எனக்கும் தெரியும்தான்; ஆனால் காரைப் பற்றிப் பேசும்போது மூச்சைப் பற்றி யார் நினைப்பார்கள்? அக்கா முதல் நாளே வியாதியின் பெயரைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். நாங்கள்தான் ஆளுக்கொரு அர்த்தத்தை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் தேடியிருக்கிறோம்.

"ராஜு, பொனட்டை கழட்டு. மூச்சை மேட்டுல பாக்கணும்" என்றார் பாஸ்.

பொனட்டைக் கழற்றிச் சுவரில் சாத்தினோம். அக்கா ஸ்டியரிங்கில், பாஸ் பக்கத்தில். நான் மட்கார்டில் உட்கார்ந்து, காலை உள்ளே பேட்டரிப் பக்கத்தில் வைத்து, முன்கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். இதை யாரும் செய்யாதீர்கள். பாஸ் சொன்னதால் செய்தேன். பாஸைத் தவிர வேறெதற்கும் அந்த நாளில் எனக்குப் பயமில்லை. கார் நடக்கிற வேகத்தில் மலை ஏறியது. கொழுந்தெடுக்கிற பெண்கள் மலைச்சரிவிலிருந்து பார்த்தார்கள். "என்னாடி, தேரு வருது?" என்றாள் ஒருத்தி. "சாமிய பாத்தா பலசரக்கு கடைக்காரர் மகன் மாதிரி இருக்கே" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு அந்த மலை முழுக்கக் கேட்டது. நான் சாமி மாதிரியே அசையாமல் இருந்தேன்.

அந்த முடக்குக்கு வந்ததும் அக்கா எக்ஸலரேட்டரை அடிவரை மிதித்தார். என் கண்ணுக்கு முன்னால் அந்த வழவழப்பான ஹோஸ் ஒட்டிய வயிறு மாதிரி உள்ளே போனது. ஈ என்று ஒரு சத்தம். எஞ்சின் திணறி நின்றது. நின்றதும் ஹோஸ் பழையபடி உப்பி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருந்தது.

கழற்றி உள்ளே விரலை விட்டேன். மெல்லிய தோல் ஒன்று கையில் ஒட்டியது. இழுத்தால் வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. காய்ந்த றப்பர் பால்.

"இது என்னாக்கா?"

"ஹோஸு வெடிச்சிருந்திச்சு. நாந்தான் பால் ஊத்தி பூசினேன். வெளியயும் பூசினேன், உள்ளயும் பூசினேன். பால் வெட்டுனவளுக்கு பால் பூச தெரியாதா?"

அவர் பூசியதில் ஒரு குறையும் இல்லை. வெளியே பூசியது இன்றைக்கும் அசையாமல் இருக்கும். ஆனால் எஞ்சினின் ஒயில் ஆவி அந்த ஹோஸுக்குள்தான் வந்து கலக்கும். ஒயில் பட்டால் றப்பர் பால் ஊறி, உப்பி, உரிந்து வந்துவிடும். உரிந்த தோல் சும்மா ஓடும்போது சுவரோடு படுத்திருக்கும். மேட்டில் எஞ்சின் பலமாக மூச்சு வாங்கும்போது எழுந்து வந்து தொண்டையை அடைத்துக்கொள்ளும், காற்று வராமல் ஹோஸும் உள்ளே ஒட்டிப்போகும். கராஜில் வைத்து எத்தனை நாள் பார்த்தாலும் அது அகப்படாது.

தோல் முழுவதையும் உரித்தெடுத்தோம். கையோடு கொண்டுவந்திருந்த பாஸின் பெட்டியில் எப்போதும் கிடக்கிற சைக்கிள் டியூப் துண்டை நாடாவாக வெட்டி, ஹோஸை வெளியே இறுக்கிச் சுற்றிக் கட்டினோம். அக்கா ஸ்டார்ட் செய்தார். கார் ஒரு தரம் தும்மியது. பிறகு ஏறியது பாருங்கள், நான் மட்கார்டிலிருந்து பின்சீட்டுக்கு மாறுவதற்கும் யாரும் நிறுத்தவில்லை. மேல் டிவிசன் லயத்து வாசலில்தான் நின்றது.

வாசலில் சுமதி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வேர்வை. "அம்மா, விடிஞ்சதுலருந்து இடுப்பு இழுக்குதும்மா" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பாஸ் இறங்கி, பின்கதவைத் திறந்து, தன் சாரத்தின் சுத்தமான பக்கத்தால் சீட்டைத் துடைத்துவிட்டார். "இந்த இழுக்குது எனக்கு தெரியும். சுருக்கா ஏறு, மகளே" என்றார். அவர் பேசியதிலேயே அழகான தமிழ் அதுதான். மூத்தவன் லொறியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

கரவனெல்ல ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி எங்களை நிறுத்திக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பொனட் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். அதற்கு வேறு வேலை இருந்தது, வரவில்லை என்றார் பாஸ். காவலாளி சிரிப்பதா மறிப்பதா என்று யோசிப்பதற்குள் சுமதி ஒரு கத்துக் கத்தினாள். கதவு திறந்தது.

வெளியே வாங்குப் பலகையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அக்கா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார். பாஸ் என் காதில், "என்ன சொல்லணும் இப்ப?" என்று கேட்டார். "ஒன்னும் சொல்லாதீங்க பாஸ்" என்றேன். அந்த ஒரு தடவை என் பேச்சைக் கேட்டார். எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. எந்த வண்டிக்கும் அப்படி அடித்துக்கொண்டதில்லை.

நர்ஸ் வந்து பெண் பிள்ளை, இரண்டு பேரும் சுகம் என்றார். அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எங்களுக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைப்பானேன். பிள்ளைக்குத் துணி எங்கே என்று நர்ஸ் அடுத்துக் கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கட்டி வைத்த பை மேல் டிவிசனில் கதவுக்குப் பின்னால் கிடந்தது.

"அதுக்கென்ன, ஏறுங்க" என்று அக்கா சாவியை எடுத்தார்.

மேலே போகும் வழியெல்லாம் பாஸ் அவருக்கு அறிவுரை சொன்னார். சைக்கிள் டியூப் தற்காலிகம்தான், மேட்டில் மெதுவாகப் போ, அந்த முடக்கில் முதலாம் கியர் போடு, நாளைக்குப் புது ஹோஸ் போடலாம். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். அக்கா தலையாட்டிக்கொண்டே ஓட்டினார். முடக்கு வந்தது. அவர் கியரைத் தொடவே இல்லை. பழுது பார்த்த நாங்கள் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டோம்; பாஸ் புத்தரைக் கூப்பிட்டார், நான் முருகனைக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது முடக்கு எங்களுக்குப் பின்னால் இருந்தது. அக்கா பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டுக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார்.